கவிதாவின் மதிப்பெண் முருகனுக்கும் போகிறதா?

பைதான் நிரல்மொழியில் கிளாஸ் (ஆப்ஜெக்ட்களை உருவாக்கும் அச்சு) எழுதப் பழகுகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. ‘மாணவர்’ என்ற கிளாஸில், எந்த மெத்தடுக்குள்ளும் (கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷன்) இல்லாமல், மதிப்பெண்களுக்கு ஒரு காலி லிஸ்ட் வைப்பார்கள். அப்புறம் அந்தக் கிளாஸில் கவிதா, முருகன் என்று இரண்டு ஆப்ஜெக்ட்கள் உருவாக்கி, கவிதாவின் லிஸ்டில் அப்பெண்ட் (append) மூலம் 90 சேர்த்தால், முருகனுக்கும் 90 வந்து நிற்கும்! அந்த லிஸ்ட் கிளாஸுக்குச் சொந்தம். எல்லா ஆப்ஜெக்ட்களும் அதே ஒன்றைத்தான் பார்க்கின்றன.

லிஸ்டை, ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் இனிட் (__init__) மெத்தடுக்குள் செல்ஃப் (self, அந்த ஆப்ஜெக்டையே குறிப்பது) போட்டு உருவாக்குங்கள், ஆளுக்கொன்று கிடைக்கும். லிஸ்டுக்குப் பதில் வெறும் எண் வைத்திருந்தால் இந்தக் கோளாறு சட்டென்று தெரியாது. செல்ஃப் வழியாகப் புது மதிப்பு கொடுத்ததும் அந்த ஆப்ஜெக்டுக்கென்று தனியாக ஒன்று உருவாகிவிடும். அதனாலேயே பலர் ஏமாந்துபோகிறார்கள்.

இனிட்டின் பாராமீட்டருக்கு டீஃபால்ட்டாக (எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பாக) காலி லிஸ்ட் கொடுத்தாலும் இதே கதைதான். அங்கே ‘நன்’ (None, மதிப்பு எதுவும் இல்லை என்று பொருள்) வைத்துவிட்டு, லிஸ்டை உள்ளே உருவாக்குங்கள்.