ரேடியோ பாய்ப்படகின் பாயில் எண் போடுவது எப்படி?

ரேடியோ பாய்ப்படகு என்பது கரையிலிருந்து ரேடியோவால் இயக்கும் சிறு மாதிரிப் படகு. கரையில் நிற்பவருக்குப் படகை அடையாளம் காட்டுவது பாயில் உள்ள எண் மட்டுமே. அது தவறாகப் படிக்கப்பட்டால் முடிவுப் பட்டியலில் உங்கள் இடம் வேறொருவருக்குப் போகும். உங்கள் பெயரில் வரவேண்டிய எதிர்ப்பும் (விதி மீறியதாக இன்னொரு படகு தரும் புகார்) அவர் தலையில் விழும்.

விதிகள், பாய்ப்படகு விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்டு செயிலிங் வெளியிடும் பந்தய விதிப் புத்தகத்தின் ‘ஈ’ (E) பின்னிணைப்பில் இருக்கின்றன. படகின் பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களோ, உங்களுக்கு ஒதுக்கப்பட்ட சொந்த எண்ணோ பாயில் வர வேண்டும். ஒற்றை இலக்கமானால் முன்னால் பூஜ்யம் சேருங்கள்: 7 அல்ல, 07. அடிக்கடி படகு மாற்றுபவருக்குச் சொந்த எண்தான் வசதி. பழைய பாயைப் புதுப் படகில் அப்படியே ஏற்றலாம்.

எண்ணுக்கு முன்னால் ஒரு ‘1’ ஒட்ட இடம் விட்டே ஆக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரே பந்தயத்துக்கு இரண்டு 45 வந்தால் ஒன்றை 145 ஆக்கச் சொல்லலாம். இடமில்லாதவர் அந்த 1-ஐப் பாயின் விளிம்பில் நெருக்கி ஒட்டுவார். தூரத்திலிருந்து அது மறுபடி 45 ஆகத்தான் தெரியும்.

இலக்கத்தின் உயரம் 100 முதல் 110 மி.மீ., பக்கத்து இலக்கங்களுக்கு இடைவெளி 20 முதல் 30 மி.மீ. எழுத்துரு ஹெல்வெட்டிகா அளவுக்காவது தெளிவாக இருக்க வேண்டும். அலங்கார எழுத்துருவில் 1-உம் 7-உம், 6-உம் 8-உம் குழம்பும். நாட்டைக் குறிக்கும் எழுத்துகள் 60 முதல் 70 மி.மீ. உயரத்தில், பெரிய பாயில் (கம்பத்துக்குப் பின்னால் இருப்பது) எண்ணுக்குக் கீழே வரும். எண்ணோ முன்பாயிலும் (கம்பத்துக்கு முன்னால் இருப்பது) வேண்டும்.

எண் பாயின் இரு பக்கமும் வரும், ஆனால் முதுகோடு முதுகாக அல்ல. வலப்பக்க எண் மேலே, இடப்பக்க எண் கீழே, நடுவில் குறைந்தது 60 மி.மீ. பாய்த்துணி ஒளி ஊடுருவக்கூடியது. நெருங்கிவிட்டால் மறுபக்க எண் இடவலம் மாறிய நிழலாகக் கலந்துவிடும். ஆக, எண்களுக்கு மட்டுமே குறைந்தது 260 மி.மீ. உயரம் போகிறது. ஐ.ஓ.எம். (இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்) படகு வகுப்பில் காற்றுக்கேற்ப மாற்றும் பாய்த் தொகுப்புகளில் பெரியதான ‘ஏ’-இல் பெரிய பாயின் முன்விளிம்பு 1600 மி.மீ., சின்னதான ‘சி’-இல் 880 தான். அதனால் சின்னத் தொகுப்பின் பாயை முதலில் திட்டமிடுங்கள்.

இடத்தைக் குறிக்க, பெரிய பாயின் பின்விளிம்பில் தலை மூலையைக் கீழ்ப் பின்மூலையோடு சேர்த்துப் பாதிப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். பாதிப்புள்ளிக்கும் அந்தக் கீழ்மூலைக்கும் நடுவில் இருப்பது கால்புள்ளி. அங்கிருந்து முன்விளிம்புக்குச் செங்குத்தாக வரும் கோட்டுக்கு மேலேதான் எண்கள். மடிக்கும்போது துணியில் மடிப்புத்தடம் விழவிடாதீர்கள். விளிம்பை மட்டும் சேர்த்தால் போதும். இடம் போதாவிட்டால் முதலில் நாட்டு எழுத்துகளை விட்டுவிடலாம், பிறகு கோட்டுக்குக் கீழே இறங்கலாம், அடுத்து இரு பக்க இடைவெளியை 20 மி.மீ. வரை சுருக்கலாம், கடைசியாகத்தான் உயரத்தைக் குறைக்கலாம்.

இனி ஒட்டும் வேலை. தட்டையான பலகையில் பாயை விரியுங்கள். முன்விளிம்பு உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் நீங்கள் பார்ப்பது படகின் வலப்பக்கம். மேல் எண் இங்கே. பக்கம் மாறிப் போவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அச்சிட்ட மாதிரித்தாளைப் பாய்க்கு அடியில் வைத்து, பலவீனமான பசை நாடாவால் நகராமல் பிடியுங்கள். நிரந்தர மார்க்கரை முதலில் துண்டுத்துணியில் சோதியுங்கள். சில துணிகளில் மை இழையோடு பரவும். ஒட்டெழுத்தானால் பாயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்தபின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்துங்கள். தையலின் மேல் ஒட்டினால் பாயின் வளைவு சுருங்கும். பாய்மேல் கத்தி வேண்டவே வேண்டாம்.

எண்ணைக் கூவுவதற்கும் விதி உண்டு: இலக்கம் இலக்கமாக, ‘ஒன்று ஐந்து’ என்று, ‘பதினைந்து’ அல்ல. எதிர்ப்பு தெரிவிக்கும்போது முதலில் உங்கள் எண், பிறகு மற்றவர் எண், இரண்டு முறை. பந்தயத்தில் எண்ணை மாற்றச் சொன்னால் ஏற்றியிருக்கும் பாயோடு நிறுத்தாதீர்கள். காற்று ஏறிச் சின்னப் பாய்க்கு மாறும்போது பழைய எண் திரும்பி வரும்; பெட்டியில் இருக்கும் எல்லாப் பாயிலும் அப்போதே மாற்றிவிடுங்கள்.