பாவசங்கீர்த்தனத்தில் ‘நான்’ காணாமல் போகும் இடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“பாவம் செய்தேன்” என்று விவிலியத்தில் பலர் சொல்கிறார்கள். கல்மழை கொட்டியபோது பார்வோன் சொன்னான். மழை விட்டதும் பழைய குணத்துக்கே திரும்பினான். கொள்ளைப் பொருளைக் கூடாரத்துக்குள் புதைத்து வைத்த ஆக்கான், சீட்டு தன் பேரில் விழுந்த பிறகு சொன்னான். சவுல் சொன்னார், தாவீது சொன்னார், யூதாசும் சொன்னான். வாயிலிருந்து வந்த சொல் ஒன்றுதான். பிறகு நடந்தது ஆளுக்கு ஆள் வேறு.

குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம். அதற்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்யும் ஐந்து படிகள் உண்டு: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, அவற்றுக்காக மனஸ்தாபப்படுவது, அதாவது மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்வது, குருவிடம் சொல்வது, அவர் விதிக்கும் அபராதத்தைத் தீர்ப்பது. ஐந்தும் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இருபது வருடமாகப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்கள்கூட ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். குரு அமர்ந்து கேட்கும் மரக்கூண்டான தொட்டியின் முன் முழந்தாளிட்டதும், பேசும் வாக்கியத்திலிருந்து ‘நான்’ நழுவிவிடுகிறது.

தமிழிலேயே ஒளிய இடம் இருக்கிறது

“கோபம் வந்துருச்சு ஃபாதர்.” “வாய் தவறிப் பேசிட்டேன்.” “வீட்ல சண்டை சச்சரவா இருக்கு.” “பொய் சொல்லியிருப்பேன்.” கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். முதலாவதில் கோபம் தானாக வருகிறது, மனிதன் சும்மா நிற்கிறான். இரண்டாவதில் தவறியது வாய். மூன்றாவதில் சண்டை மட்டும் இருக்கிறது, சண்டை போட்ட ஆள் இல்லை. நான்காவதில் ‘சொன்னேன்’ என்பது ‘சொல்லியிருப்பேன்’ ஆகி, தன் பாவத்தையே ஊகமாகப் பேசுகிறார்.

இவற்றை விட வசதியானது “அறிந்தும் அறியாமலும் செய்த பாவங்கள்”. செபத்தில் அழகான தொடர்தான். பாவசங்கீர்த்தனத்தில் இதை மட்டும் சொல்லி எழுந்தால் ஒன்றும் சொன்னதாக ஆகாது. இறையருளையே இழக்கச் செய்யும் கனமான பாவம்தான் சாவான பாவம். அதற்கு மூன்று வேண்டும்: காரியம் கனமாக இருக்க வேண்டும், அது கனமென்று தெரிந்திருக்க வேண்டும், மனம் ஒப்பிச் செய்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவமாகாது. ஆகவே அறியாமல் செய்ததை நினைத்துக் கலங்க வேண்டியதில்லை. அறிந்து செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்.

“வீட்ல சண்டை” என்பதை இப்படி மாற்றினால் போதும்: “மனைவியைக் கைநீட்டி அடித்தேன். போன பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு மூன்று தடவை.” எழுவாய், செயல், எண்ணிக்கை எல்லாம் வந்துவிட்டன. சொல்லிப் பார்த்தால் தெரியும், இது எவ்வளவு சின்ன வாக்கியம், தொண்டையைத் தாண்ட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று.

பட்டியல் தயாரிப்பதில்

கனமான பாவங்களை வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும் என்பது 1551இல் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் சொன்னது. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 988ஆம் பிரிவும் அதையே கேட்கிறது. சரியான எண் நினைவில் இல்லையா? “ஏறக்குறைய ஆறு மாதமாக, வாரத்துக்கு இரண்டு தடவை” என்றால் போதும். “நிறைய” என்ற சொல் மட்டும் உதவாது. அது இரண்டாகவும் இருக்கலாம், இருநூறாகவும் இருக்கலாம்.

பாவங்களை நினைத்துப் பார்க்கும் ஆத்தும சோதனைக்குப் பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொள்வது பழைய முறை. கூடவே பூசையில் சொல்லும் பாவ அறிக்கையின் நான்கையும் வைத்துப் பாருங்கள்: சிந்தனை, சொல், செயல், கடமையில் தவறியது. நான்காவதைத்தான் அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயை அண்ணன் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கியது எந்தச் செயலிலும் சேராது, ஏனென்றால் எதுவுமே செய்யவில்லை. பாவம் அந்தச் செய்யாமையில்தான் இருக்கிறது.

பழகிப்போனதால் கண்ணில் படாத பாவங்கள் இன்னொரு வகை. மகனுக்கு வரதட்சணை பேசி வாங்கியது, தங்கைக்குச் சேர வேண்டிய பங்கை எழுதி வாங்கிக்கொண்டது, கைமாற்றுக்கு மீட்டர் வட்டி போட்டது, வேலைக்கு வந்தவருக்குத் தனி டம்ளர் வைத்தது. வெள்ளிக்கிழமை கறி சாப்பிட்டதைத் தவறாமல் சொல்லிவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கியதைப் பற்றி வாய் திறக்காமல் எழுந்து போகிறவர்கள் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை. ‘ஊர் வழக்கம்’ என்ற சொல் வந்தாலே அங்கும் ‘நான்’ தொலைந்துவிட்டது என்று அர்த்தம்.

தன் பாவம் கண்ணுக்குப் படாமல் போவது எப்படி என்பதற்குத் தாவீதின் கதையை விடத் துல்லியமான படம் கிடையாது. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவிட்டு, அரண்மனையில் நிம்மதியாகத்தான் இருக்கிறார். இறைவாக்கினர் நாத்தான் வந்து, நிறைய ஆடுமாடு வைத்திருந்த ஒருவன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கி விருந்து வைத்த கதையைச் சொல்கிறார். தாவீது கொதிக்கிறார்: அவன் சாக வேண்டும், நான்கு மடங்கு திருப்பித் தர வேண்டும்! அடுத்தவன் ஆட்டுக்குட்டி என்றதும் சட்டம் எண்ணிக்கையோடு நாக்கில் வருகிறது. “நீயே அம்மனிதன்” என்கிறார் நாத்தான். ஆத்தும சோதனை செய்கிறவர்களுக்கு இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது: நீங்கள் செய்ததை வேறொருவர் உங்கள் பிள்ளைக்குச் செய்ததாக வைத்து ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

‘ஆனால்’ என்ற சொல்

தாவீதின் பதில் எபிரேயத்தில் இரண்டே சொற்கள்: ஆண்டவருக்கு எதிராகப் பாவம் செய்தேன். சவுலின் பதிலை இதன் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும். போரில் எதிரிகளுடைய எல்லாவற்றையும் அழிக்க ஆண்டவர் சொல்லியும், அரசரான சவுல் கொழுத்த ஆடுமாடுகளை ஒதுக்கி வைத்திருக்கிறார். ஆடு கத்துகிறதே, மாடு கதறுகிறதே என்று இறைவாக்கினர் சாமுவேல் கேட்கிறார். மக்கள்தான் கொண்டுவந்தார்கள், அதுவும் பலி கொடுக்கத்தான் என்கிறார் சவுல். விடாமல் கேட்டதும், பாவம் செய்தேன், மக்களுக்கு அஞ்சிவிட்டேன் என்கிறார். கடைசியாக இன்னொரு முறையும் பாவம் செய்தேன் என்று சொல்லி, கையோடு ஒரு வேண்டுகோள் வைக்கிறார்: ஊர்ப் பெரியவர்கள் முன்னால் என்னைக் கௌரவப்படுத்தும்.

மாமியார் செய்தது, முதலாளி ஏமாற்றியது, கணவர் குடிப்பது எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அவை அவரவர் சொல்ல வேண்டியவை. உங்கள் வாக்கியத்தில் ‘ஆனால்’ வந்தால், அதற்கு முன்னால் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடந்தையாக இருந்தவர் பெயரையும் சொல்லக் கூடாது. பாவத்தின் வகையை மாற்றும் சூழ்நிலையை மட்டும் சொன்னால் போதும்: திருடியது கோயில் பணமா, உறவு வைத்தவர் மணமானவரா என்பது போல. அதற்கு மேல் கதை வேண்டாம். அறிவுரை வேண்டும், நீண்ட நேரம் பேச வேண்டும் என்றால் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய பெரிய வாரத்து வரிசையில் நிற்காமல், கூட்டமில்லாத நாளாகக் கேட்டுக்கொண்டு போங்கள்.

வெட்கத்தால் மறைப்பது

மறந்துபோன பாவத்துக்கும் மறைத்த பாவத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். உண்மையாகவே மறந்திருந்தால் அதுவும் மன்னிக்கப்பட்டுவிடும். பிறகு நினைவு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும், அதுவரை பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கத் தடையில்லை. கனமான ஒன்றை வேண்டுமென்றே விழுங்கிவிட்டால், சொன்ன மற்றவையும் சேர்ந்து வீணாகிவிடுகின்றன. பிறகு அந்த ஒன்றை மட்டும் சொல்லித் தப்ப முடியாது. மறைத்ததையும், அந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் அதன் பிறகு செய்தவற்றிலும் சொன்ன கனமான பாவங்களையும் சேர்த்துத் திரும்பச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் சிலர் இந்தச் சுமையோடு நடக்கிறார்கள்.

வழி எளிது. எது மிகவும் கடினமோ அதை முதலில் சொல்லிவிடுங்கள். நாக்கு எழவில்லை என்றால், “ஒன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, நீங்களே கேளுங்கள் ஃபாதர்” என்று சொல்லுங்கள். அவர் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்வார். பங்குக் குரு தெரிந்தவர் என்று கூச்சமா? பக்கத்துப் பங்குக்குப் போகலாம், அதில் ஒரு குறையும் இல்லை. கேட்டதை அவர் யாருக்கும் சொல்ல முடியாது. நேரடியாக வெளியிட்டால் அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார்; உயிருக்கே ஆபத்து என்றாலும் இந்த விதிக்குத் தளர்வு இல்லை. தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ பாவமன்னிப்புப் பெறலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது செல்லாது.

மனஸ்தாபத்தைக் கண்ணீரால் அளப்பது

அழுகை வரவில்லையே, அப்படியானால் மனஸ்தாபமே இல்லையோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மனஸ்தாபம் மனத்தின் முடிவு: செய்ததை வெறுப்பது, இனி வேண்டாம் என்று தீர்மானிப்பது. இறைவன் மேலுள்ள அன்பினால் வருவது உத்தம மனஸ்தாபம். தண்டனைக்குப் பயந்து வருவது அதற்கு ஒரு படி கீழே, ஆனாலும் பாவசங்கீர்த்தனத்துக்கு அது போதும்.

பிரதிக்கினையும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. திரும்ப விழுந்துவிடுவேனோ என்ற பயம் இருப்பதாலேயே பிரதிக்கினை பொய்யாகிவிடாது. அது எதிர்காலத்தைப் பற்றிய சோதிடம் அல்ல, இன்றைக்கு எடுக்கும் முடிவு. ஆனால் அதைப் புகைபோல விடக் கூடாது. “இனிக் குடிக்க மாட்டேன்” என்பதை விட, “சம்பள நாளில் பணத்தை மனைவி கணக்குக்கு மாற்றிவிட்டு, டாஸ்மாக் இல்லாத தெரு வழியாக வீட்டுக்குப் போவேன்” என்பது பிரதிக்கினை.

திருப்பிக் கொடுக்காமல் தப்பப் பார்ப்பது

மன்னிப்பு கிடைத்ததும் கணக்கு தீர்ந்தது என்று நினைப்பது பெரிய தவறு. பாவம் போய்விட்டது, எடுத்த பணம் இன்னும் உங்கள் பையில்தான் இருக்கிறது. எண்ணிக்கை நூல் 5:7 எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தரச் சொல்கிறது: 10,000 என்றால் 12,000. இயேசுவைச் சந்தித்த வரிதண்டுவோர் தலைவர் சக்கேயு நான்கு மடங்கு தருவதாகச் சொன்னார். இன்று திருச்சபை அந்தக் கூடுதல் பங்கைக் கட்டாயமாக்குவதில்லை. எடுத்ததையும், அதனால் விளைந்த நட்டத்தையும் ஈடுசெய்யச் சொல்கிறது.

எடுத்த பணத்தை வேளாங்கண்ணி உண்டியலில் போட்டுவிட்டு மனதைத் தேற்றிக்கொள்வது வழக்கமான குறுக்குவழி. மாதாவிடமிருந்தா எடுத்தீர்கள்? பணம் உரியவருக்குப் போக வேண்டும். அவர் இறந்துவிட்டால் வாரிசுகளுக்கு. யாரென்றே தெரியாவிட்டால் மட்டும் ஏழைகளுக்கு. உங்கள் பெயரை வெளியே சொல்ல வேண்டியதில்லை. இன்னொருவர் மூலமாகவும் அனுப்பலாம். ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணையாகக் கொடுக்கலாம். அவதூறு பரப்பியிருந்தால், எந்தக் குடும்பக் குழுவில் பரப்பினீர்களோ அதே குழுவில் “நான் சொன்னது பொய்” என்று எழுத வேண்டும். பணத்தை விட இது கடினம்.

பிறரை மன்னிப்பதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. மத்தேயு 18இல் வரும் பணியாளன் அரசனிடம் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி தள்ளுபடி ஆகிறது. வெளியே வந்ததும் 100 நாள் கூலிக்காகச் சக பணியாளனின் கழுத்தை நெரிக்கிறான். ஆனால் ஒன்று: மன்னிப்பது என்றால் அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போக வேண்டும், கொடுத்த புகாரை வாபஸ் வாங்க வேண்டும் என்று பெண்களிடம் சொல்லப்படுகிறதே, அது போதனை அல்ல. மனத்தில் வன்மம் வைக்காமலே வாசலைப் பூட்டிக்கொள்ளலாம்.

வாங்கிய மன்னிப்பை நம்பாமல் இருப்பது

யூதாசைப் பாருங்கள். பாவத்தைப் பெயர் சொல்லி ஒத்துக்கொண்டான்: மாசற்றவரைக் காட்டிக்கொடுத்தேன் என்றான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். மேலே சொன்ன படிகளில் பலவற்றைச் செய்தவன் அவன். ஆனால் போனது தலைமைக் குருக்களிடம். அதைப் பற்றி எங்களுக்கு என்ன என்று கைவிரித்தார்கள். நம்பிக்கை இழந்து அவன் உயிரை மாய்த்துக்கொண்டான். இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுருவோ அழுதுகொண்டே சீடர்களோடு இருந்துவிட்டார்.

மறுகோடியில், சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள். சரியாகச் சொன்னேனா, ஒன்றை விட்டுவிட்டேனா என்று அரித்துக்கொண்டே இருக்கும். பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இந்த வதையில்தான் கிடந்தார். சாகலாமா என்றுகூடத் தோன்றியது. மிகத் தெளிவான ஒன்றாக இருந்தாலன்றிப் பழையதைச் சொல்லக் கூடாது என்று கேட்ட குரு கட்டளையிட்டும், அவருக்கு எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தது. கடைசியில் பழையவற்றை இனிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகே விடுதலை. இப்படி அரிப்பு உள்ளவர்கள் ஒரே குருவிடம் போவதும், அவர் ‘போதும்’ என்றால் நிறுத்துவதும் நல்லது. கை கழுவுவது, கதவைப் பார்ப்பது என்று மற்றவற்றிலும் இதே ஓட்டம் இருந்தால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். சீர்திருத்த சபைகளில் தொட்டி இல்லை. ஆனால் கன்வென்ஷன் எனும் ஒவ்வொரு நற்செய்திக் கூட்டத்திலும் புதிதாக இரட்சிக்கப்பட முன்னால் ஓடுகிறவருக்கு இருப்பதும் இதே நோய்தான்.

லூக்கா 15இல் வீட்டுக்குத் திரும்பும் இளைய மகன் வழியிலேயே மூன்று வரி தயார் செய்கிறான்: பாவம் செய்தேன், உம் மகன் எனப்படத் தகுதியற்றவன், என்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும். வீட்டு வாசலில் முதல் இரண்டையும் சொல்கிறான். மூன்றாவது வரிக்கு அப்பா இடம் கொடுக்கவில்லை. அதற்குள் அவர் பணியாளர்கள் பக்கம் திரும்பி, நல்ல ஆடை எங்கே, மோதிரம் எங்கே, செருப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.