கார் மோதலில் இருவரும் தவறை மறுத்தால்: பொறுப்பு எப்படி முடிவாகிறது, நீங்கள் செய்ய வேண்டியவை என்ன

சிக்னல் இல்லாத சந்திப்பில் இரண்டு கார்கள் மோதிக்கொண்டால், இறங்கி வரும் இருவரும் எதிராளிதான் வந்து இடித்ததாகச் சொல்வார்கள். பெரும்பாலும் இருவருமே மனமறிந்து பொய் சொல்வதில்லை. மற்றவரின் காரைக் கடைசி நொடியில்தான் பார்த்திருப்பார்கள். அந்த இடத்தில் வாக்குவாதத்தில் வென்றாலும் பயன் ஏதும் இல்லை. பின்னர் இதை முடிவு செய்யப்போகும் காவல் நிலைய விசாரணை அதிகாரியோ, சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயரோ, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமோ விபத்தை நேரில் பார்த்தவர்கள் அல்லர். தடயங்களைக் கொண்டே அவர்கள் முடிவுக்கு வர வேண்டும். அந்தத் தடயங்களோ வாகனங்களை ஓரங்கட்டிய மறுநிமிடமே அழியத் தொடங்கிவிடுகின்றன.

யாருக்கேனும் காயம் இருந்தால் முதல் வேலை 108-ஐ அழைப்பதுதான். காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குத் தெரிவிப்பதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தகவல் தருவதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநர் மீது சுமத்தும் கடமைகள். இவற்றைச் செய்யாமல் கிளம்பிவிட்டவர் பின்னர் எவ்வளவு நியாயம் பேசினாலும் ஐயத்துடனேயே பார்க்கப்படுவார். காயம் கடுமையாக இருந்தால் காவலர் வரும்வரை வாகனங்களை நகர்த்தாமல் இருப்பது நல்லது.

படம் எடுக்கும்போது பலரும் நசுங்கிய பம்பரை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பம்பர் மறுநாள் பணிமனையிலும் அப்படியேதான் இருக்கும். சாலை அப்படி இருக்காது. எனவே முதலில் தள்ளி நின்று நான்கு திசைகளிலிருந்தும், சாலையின் நடுக்கோடு, நிறுத்தக் கோடு, அருகிலுள்ள கடையின் பெயர்ப் பலகை ஆகியவை தெரியும்படி எடுங்கள். பிறகு நெருங்கி, இரு கார்களின் முன்சக்கரங்களும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதையும், பிரேக் தடங்களையும், உடைந்த கண்ணாடித் துண்டுகளையும், சக்கர வளைவுகளிலிருந்து உதிர்ந்த மண்ணையும் எடுங்கள். மோதிய பின் கார்கள் சில அடிகள் உருண்டுவிடக்கூடும். ஆனால் உதிர்ந்த மண் பெரும்பாலும் மோதல் நடந்த இடத்தை ஒட்டியே கிடக்கும். யார் கோட்டைத் தாண்டி வந்தார் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல சாட்சி அரிது. வாகனங்களை நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், சக்கரங்கள் நின்ற இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவிட்டு நகர்த்தலாம்.

சாட்சிகளின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். கடைகளின் சிசிடிவி பதிவுகள் சில நாள்களிலேயே தானாக அழிந்து புதிய பதிவுக்கு இடம் விடக்கூடியவை. கடைக்காரரிடம் அன்றைக்கே கேளுங்கள், அவர் தயங்கினால் அந்தப் பதிவைக் கைப்பற்றுமாறு காவல் நிலையத்தில் எழுத்துமூலம் கோருங்கள். உங்கள் காரில் டேஷ் கேமரா இருந்தால் நினைவக அட்டையைக் கழற்றி, எதையும் வெட்டாமல் பத்திரப்படுத்துங்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும் என்பதால், வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த துண்டுக் காணொளியை நம்பியிருப்பது சரியன்று.

அடுத்தது, யார் வழிவிட்டிருக்க வேண்டும் என்ற கேள்வி. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இதற்கு விடை தருகின்றன. கட்டுப்பாடற்ற சந்திப்பில் பிரதான சாலையில் வருபவருக்கு முன்னுரிமை. இரண்டும் சம நிலைச் சாலைகள் என்றால் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கே உரிமை. தடம் மாறுபவரும், பின்னோக்கி எடுப்பவரும், நிறுத்தியிருந்த இடத்திலிருந்து கிளம்புபவரும் மற்றவர்களைக் கவனித்தே நகர வேண்டும். பெரிய வண்டிக்காரர் மீதுதான் எப்போதும் தவறு என்ற தெருவோரத் தீர்ப்புக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

பின்னால் இடித்தவர்தான் குற்றவாளி என்ற நம்பிக்கையில் ஓரளவு உண்மை உண்டு. லாரியைப் பின்தொடர்ந்த கார் அதன்மீது மோதிய நிஷான் சிங் வழக்கில், போதிய இடைவெளி விடாத கார் ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்ற முடிவை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்தது. ஆனால் முன்னால் இருந்தவர் திடீரெனக் குறுக்கே புகுந்திருந்தால் நிலைமை வேறு. அப்படிப் புகுந்த காரில் சேதம் பின்பக்கத்தின் ஒரு மூலையில் சாய்வாக இருக்க வாய்ப்பு அதிகம். நேராகப் பின்தொடர்ந்து இடித்திருந்தால் அது பின்பம்பரில் பரவலாக இருக்கும். ஆயினும் சேதத்தையோ வாகனம் நின்ற நிலையையோ மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. நேருக்கு நேர் மோதல் தொடர்பான ஜிஜு குருவிளா வழக்கில், விபத்து நடந்த இடத்தைப் பார்வையிட்டு எழுதப்படும் பார்வை மகஜரில் கண்ட வாகனங்களின் நிலை மட்டுமே ஒருவரின் கவனக்குறைவுக்குப் போதிய சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறியது.

சாலையில் கூட்டம் கூடி, ‘தவறு என்னுடையது’ என்று எழுதித் தரச் சொன்னால் எழுதித் தராதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்கக் கூடாது என்பது வழக்கமான மோட்டார் பாலிசியின் நிபந்தனை. அதற்காக எதையும் புனையவும் வேண்டாம். கண்டதையும் செய்ததையும் மட்டும் சொல்லுங்கள், வேகம் உறுதியாகத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அன்றிரவே நடந்ததை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால், பின்னர் தரும் வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று முரண்படா.

எதிராளி முந்திக்கொண்டு புகார் கொடுத்துவிட்டால், முதல் தகவல் அறிக்கையில் நீங்கள் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டியதாக எழுதப்பட்டிருக்கும். அந்தச் சொற்றொடர் ஏறக்குறைய எல்லா விபத்து வழக்குகளிலும் காணப்படுவது. அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. உங்கள் தரப்புப் புகாரையும் படங்களுடன் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது பெறுங்கள். இழப்பீட்டுத் தீர்ப்பாயம் குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் கேட்பதில்லை. எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்புள்ளது என்றே பார்க்கிறது. முதல் தகவல் அறிக்கை அதைக் கட்டுப்படுத்தாது என்றாலும், விசாரணைக்குப் பின் வரும் குற்றப்பத்திரிகைக்கு நல்ல எடை உண்டு என்பதால் காவல் விசாரணையை அலட்சியப்படுத்த வேண்டாம்.

பல வழக்குகளில் விடை இருவருக்கும் இடையே பங்கிடப்படுகிறது. 1 லட்சம் ரூபாய் இழப்பில் உங்கள் பங்கு 30 விழுக்காடு என்று முடிவானால் உங்களுக்குக் கிடைப்பது 70,000 ரூபாய். உங்கள் காரில் வந்த பயணிக்கு இந்தக் கழிவு பொருந்தாது. கென்யேய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்புப்படி, இரு ஓட்டுநர்களின் தவறும் சேர்ந்த விபத்தில் அவர் எந்தத் தரப்பிடமிருந்தும் முழுத் தொகையையும் கோரலாம்.

காயமின்றி வாகனம் மட்டும் சேதமடைந்து, உங்களிடம் முழுமைக் காப்பீடும் இருந்தால், தவறு யாருடையது என்பதைப் பொருட்படுத்தாமல் சொந்தச் சேதத்துக்குக் கோரலாம். ஆனால் கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போகும். காரில் விழுந்த சிறிய நசுங்கலுக்காக வழக்காடுவதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. எதிராளியின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டிலிருந்து பெற விரும்பினால் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும்; கார்களைப் பொறுத்தவரை சொத்துச் சேதத்துக்கான வழக்கமான உச்சவரம்பு 7.5 லட்சம் ரூபாய். விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு கூறுவதால், பணிமனை மதிப்பீட்டையும் படங்களையும் காவல் ஆவணங்களின் நகல்களையும் முதல் மாதத்திலேயே வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.