எல்லோருக்கும் ஒரே ஃபைல்: சிறு அலுவலகத்தில் கூகுள் டிரைவ் அமைப்பது எப்படி?

‘ரேட் லிஸ்ட் ஃபைனல்’, ‘ரேட் லிஸ்ட் ஃபைனல் 2’, ‘ரேட் லிஸ்ட் புதுசு’ என்று மூன்று ஃபைல்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிக்கொண்டிருந்தால், என்றாவது ஒருநாள் வாடிக்கையாளருக்குப் பழைய விலை போகும். அனுப்பும்போதெல்லாம் ஒரு நகல் உருவாகிவிடுவதுதான் காரணம். ஃபைலை இணையத்தில் ஓரிடத்தில், அதாவது கூகுள் டிரைவில் வைத்து, எல்லோரும் அதையே திறக்க வேண்டும். பத்துப் பேர் உள்ள அலுவலகத்துக்கு இலவச கூகுள் கணக்கே போதும். கம்ப்யூட்டரில் செய்யுங்கள், கீழே வரும் சில மெனுக்கள் மொபைல் ஆப்பில் கிடைக்காது.

படி 1: அலுவலகத்தின் பெயரில் கணக்கு

பலரும் சறுக்குவது இங்கேதான். டிரைவில் ஒரு ஃபைலை யார் உருவாக்கினாரோ, யார் ஏற்றினாரோ, அவரே அதன் உரிமையாளர். அது உங்கள் ஃபோல்டருக்குள் இருந்தாலும் சரி. அவர் தன் கணக்கை அழித்தால் ஃபைலும் போய்விடும். எனவே அலுவலகத்துக்கென்று தனி ஜிமெயில் கணக்கு தொடங்கி, அலுவலக சிம் எண்ணை அதில் கொடுங்கள். முக்கியமான ஃபைல்களை இந்தக் கணக்கிலிருந்தே உருவாக்குங்கள்.

பாஸ்வேர்டு ஒருவர் அல்லது இருவரிடம் இருந்தால் போதும். எல்லோரும் ஒரே கணக்கில் நுழைந்தால், யார் எதை மாற்றினார் என்று பார்க்கும்போது ஒரே பெயர்தான் தெரியும். மற்றவர்கள் அவரவர் ஜிமெயிலில் வரட்டும். இலவச இடம் 15 ஜிபி; மெயில், போட்டோ எல்லாம் சேர்த்துத்தான். நிரம்பிவிட்டால் மெயில் வருவதும் நின்றுவிடும்.

படி 2: ஃபோல்டர்கள்

நான்கைந்துக்கு மேல் வேண்டாம்: ‘01 கொள்முதல்’, ‘02 விற்பனை’, ‘03 கணக்கு’ என்ற மாதிரி. முன்னால் எண் இருந்தால் நீங்கள் நினைத்த வரிசையிலேயே நிற்கும். ஃபைல் பெயரில் தேதி போட்டால் ஆண்டை முதலில் போடுங்கள்: 2025-06-14. நாள் எண்ணை முதலில் போட்டால் ஜனவரி 14-ம் ஜூன் 14-ம் பக்கத்துப் பக்கத்தில் வந்து குழப்பும்.

படி 3: அனுமதி

ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ‘ஷேர்’ போங்கள். மெயில் முகவரியைச் சேர்த்து மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ‘வியூவர்’ பார்க்க மட்டும். ‘கமென்டர்’ கருத்து எழுதலாம், மாற்ற முடியாது. ‘எடிட்டர்’ எல்லாம் செய்யலாம், பிறருக்கும் பகிரலாம்; அதைத் தடுக்க அதே பெட்டியின் மேலே உள்ள சக்கரப் படத்தை அழுத்தி, அங்குள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். கீழே ‘ரெஸ்ட்ரிக்டெட்’ (நீங்கள் சேர்த்தவர்களுக்கு மட்டும்) என்றே இருக்கட்டும். லிங்க் உள்ள எவரும் என்று மாற்றினால், அந்த லிங்க் எங்கே போனாலும் ஃபைல் திறக்கும்.

மேல் ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி உள்ளே இருப்பவற்றுக்கும் இறங்கும். அதனால் சம்பளப் பட்டியலைப் பொது ஃபோல்டருக்குள் வைக்காமல் வெளியே தனியாக வையுங்கள்.

படி 4: ஆர்டர் ஷீட்

ஆர்டர்களை எழுதிவந்த பழைய எக்ஸெல் ஃபைலை டிரைவில் ஏற்றித் திறந்து, ‘ஃபைல்’ மெனுவில் ‘சேவ் ஆஸ் கூகுள் ஷீட்ஸ்’ (எக்ஸெல் போன்ற கூகுளின் அட்டவணை) கொடுங்கள். இது புதிதாக ஒரு ஷீட்டை உருவாக்கும். பழைய எக்ஸெல் அப்படியே இருக்கும். அதை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் பாதிப் பேர் அதிலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள்.

‘நிலை’ என்ற பத்தியை (மேலிருந்து கீழே வரும் கட்டங்களை) தேர்ந்து ‘இன்சர்ட்’ மெனுவில் ‘டிராப்டவுன்’, அதாவது தேர்ந்தெடுக்கும் பட்டியல் வையுங்கள்: வந்தது, அனுப்பியது, பணம் வந்தது. கையால் எழுதவிட்டால் ஒருவர் ‘அனுப்பியாச்சு’ என்பார், இன்னொருவர் ‘அனுப்பியது’ என்பார். எண்ணிக்கை எடுக்கும்போது இரண்டும் வேறு வேறு. விலைப் பத்தியை ‘டேட்டா’ மெனுவில் உள்ள ‘புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்’ வழியாகப் பூட்டிவிடுங்கள்.

தவறு அதிகம் நடப்பது வரிசைப்படுத்தும்போதுதான். ‘தொகை’ பத்தியை மட்டும் தேர்ந்து ‘சார்ட் ரேஞ்ச்’ (Sort range) கொடுத்தால் அந்தப் பத்தி மட்டும் நகரும்; முருகன் ஸ்டோர்ஸ் தரவேண்டிய ரூ.18,000 லட்சுமி ஏஜென்சியின் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்த்தால் தப்பு எதுவும் தெரியாது. சாதாரண ஃபில்டரும் தொல்லைதான்: நீங்கள் மறைத்த வரிசைகள் எல்லோருக்கும் மறைந்துவிடும், ‘என் ஆர்டரைக் காணோம்’ என்று யாராவது மறுபடி எழுதுவார். இரண்டுக்கும் மாற்று ‘டேட்டா’ மெனுவில் உள்ள ‘ஃபில்டர் வியூ’. அதைத் திறந்ததும் ஷீட்டின் ஓரப்பட்டை கறுப்பாகும். அதில் மறைப்பதும் வரிசைப்படுத்துவதும் மற்றவர் திரையைப் பாதிக்காது.

படி 5: கெட்டுப்போனால்

‘ஃபைல்’ மெனுவில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’. யார், எப்போது மாற்றினார் என்று பெயரோடு காட்டும். ‘ரிஸ்டோர்’ பட்டனை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். முழு ஃபைலும் அந்த நேரத்துக்குத் திரும்பும், அதற்குப் பிறகு மற்றவர்கள் எழுதியதும் மறையும். ஒரு பத்தி மட்டும் வேண்டுமென்றால், பழைய வெர்ஷனுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியில் ‘மேக் எ காப்பி’ எடுத்து, அதிலிருந்து ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் அந்த நகலை நீக்கிவிடுங்கள். ஒரு கட்டம் மட்டும் சந்தேகமா? ரைட் கிளிக் செய்து ‘ஷோ எடிட் ஹிஸ்டரி’ பாருங்கள்.

நீக்கிய ஃபைல் ‘டிராஷ்’ பகுதியில் 30 நாள் இருக்கும்; பிறகு தானாக அழியும்.

படி 6: ஒருவர் வேலையை விட்டால்

ஷேர் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது கடைசி வேலை. முதலில் டிரைவ் தேடலில் அவர் உரிமையாளராக உள்ள ஃபைல்களைக் கண்டுபிடியுங்கள். அவரே தன் கணக்கிலிருந்து ‘டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்’ கொடுக்க வேண்டும். அலுவலகக் கணக்குக்கு வரும் மெயிலைத் திறந்து ஏற்றால்தான் உரிமை மாறும். ஃபோல்டரின் உரிமையை மட்டும் மாற்றினால் உள்ளே உள்ள ஃபைல்கள் அவர் பெயரிலேயே இருக்கும். ஆகவே ஃபைல்களையும் மாற்றச் சொல்லுங்கள், கடைசி நாளுக்கு முன்பே.