கண்மாயில் ஃப்ளை தூண்டில்: விரால், ஜிலேபி, கெண்டை பிடிக்க

ராமநாதபுரத்துக் கரையில் கடல் மீனுக்கு ஆள் உண்டு, கண்மாய் மீனுக்கு வலை உண்டு. ஃப்ளை தூண்டிலோடு கண்மாய்க் கரையில் நிற்கிற ஆளைப் பார்ப்பதுதான் அபூர்வம். ஆனால் வைகைத் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் நிரப்புகிற இந்தக் கண்மாய்களும் ஊருணிகளும் இதற்கு அருமையான இடம். இங்கே காற்றைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் இதில் பாதியும் காற்றைப் பற்றியே இருக்கும்.

முதலில் அடிப்படை. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது முள்ளில் இறகு கட்டிச் செய்த போலிப் பூச்சி. அதற்குக் கனமே கிடையாது, அதைத் தூக்கிப் போவது தடித்த லைனின் கனம். ராடு (தூண்டில் கம்பு), லைன் இரண்டிலும் ஒரு எண் போட்டிருப்பார்கள், இரண்டும் பொருந்த வேண்டும். ஜிலேபிக்கும் கெண்டைக்கும் 5 போதும், விராலுக்கு 8. ஒரே ராடுதான் வாங்க முடியும் என்றால் 9 அடியில் 7-ஆம் எண் வாங்குங்கள், கெண்டைக்குக் கொஞ்சம் முரடாக இருந்தாலும் நம் ஊர்க் காற்றுக்கு அதுதான் நிற்கும். லைன் மிதக்கிற வகை, முன்பகுதி கனமானது. தண்ணீர் ஆழமில்லாத கண்மாய்க்கு மூழ்குகிற லைன் தேவையே இல்லை.

லைன் நுனியில் கட்டுகிற நரம்பை மீனுக்குத் தக்கபடி மாற்றுங்கள். ஜிலேபிக்கு 9 அடி, நுனியில் 5 அல்லது 6 பவுண்டு இழுப்பைத் தாங்குகிற நரம்பு. விராலுக்கு 6 அடி போதும், 20 பவுண்டுக்குக் குறையக் கூடாது. விராலுக்குப் பல் உண்டு, அதோடு கடித்த உடனே பாசிக்குள் தலையை நுழைக்கும், மெல்லிய நரம்பு அங்கேயே அறுந்துவிடும்.

இனி காற்று. கரையோர ஊர்களில் விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏறக் கடல்காற்று கிளம்பும். வெளிச்சம் வந்ததிலிருந்து ஒன்பது மணி வரைதான் நம் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் அதுவும் நிச்சயமில்லை. கரையில் எந்தப் பக்கம் நிற்பது என்பது ரொம்ப முக்கியம்: வலது கையால் வீசுகிறவருக்குக் காற்று இடது பக்கமிருந்து வர வேண்டும். வலமிருந்து வந்தால் முள் உங்கள் காதையோ கழுத்தையோ தேடி வரும். எப்படி நின்றாலும் தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் வீசவே கூடாது, இதில் சமரசம் வேண்டாம்.

வீசும்போது எல்லோருக்கும் கை பரபரக்கும். ராடைப் பின்னால் கொண்டுபோய், தலைக்குச் சற்றுப் பின்னே சட்டென நிறுத்துங்கள். லைன் பின்பக்கம் முழுசாக விரியும் வரை பொறுங்கள். விரிந்த நொடியில் கையில் ஒரு சின்ன இழுப்பு தெரியும், அப்போது முன்னால் தள்ளி மறுபடி சட்டென நிறுத்துங்கள். அவ்வளவுதான். பொறுக்காமல் முன்னால் வீசினால் சாட்டை மாதிரி 'பட்' என்று சத்தம் கேட்கும், முள் போய்விடும். எதிர்காற்றில் ராடைப் பக்கவாட்டில் சாய்த்து, லைன் தண்ணீரை ஒட்டிப் போகும்படி தாழ வீசுங்கள், காற்று அங்கே குறைவு. முதல் சில வாரம் கண்மாய்ப் பக்கமே போகாமல் பள்ளிக்கூட மைதானத்திலோ அறுத்த வயலிலோ முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டைக் கட்டிப் பழகுங்கள்.

நம் கண்மாய்க் கரையெல்லாம் சீமைக் கருவேலம். பின்னால் வீச இடமிருக்காது. அதற்கு ரோல் வீச்சு: லைனைத் தண்ணீரிலேயே கிடக்கவிட்டு, ராடை மெல்லக் காதருகே தூக்கி, லைன் தோளுக்குப் பின்னால் வளைந்து தொங்கியதும் முன்னால் அடித்து நிறுத்துங்கள். முப்பது அடி போகும், விராலுக்கு அது தாராளம்.

ஃப்ளை கட்டக் கடைக்கு ஓட வேண்டாம். சேவல் கழுத்து இறகு, ஆட்டு முடி, பழைய ரப்பர் செருப்பு, நகப்பூச்சு, நல்ல நூல் இருந்தால் போதும். செருப்பிலிருந்து விரல் நுனி அளவு உருளை வெட்டி, அடிப்பக்கம் கீறி முள்ளின் தண்டில் ஒட்டி, பின்னால் இரண்டு இறகைக் கால் மாதிரி விரித்துக் கட்டினால் தவளை தயார். முள்ளின் வளைவிலிருந்து கண் (நரம்பு கோர்க்கிற துளை) வரை 20 பவுண்டு நரம்பை வளைத்துக் கட்டிவிடுங்கள், பாசி மாட்டாது. முள் நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நிற்கிற சின்னக் கொக்கியைக் குறட்டால் நசுக்குங்கள், மீனுக்கும் உங்கள் தோலுக்கும் அதுதான் நல்லது.

விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன், அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்துவிட்டுப் போகும். அல்லிக் கொடி, ஆகாயத்தாமரை ஓரத்தில் அந்தச் சலனம் தெரிந்தால் மூன்றடி தள்ளித் தவளையைப் போடுங்கள். வட்டம் அடங்கும் வரை அசைக்காதீர்கள். பிறகு இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நிறுத்தம். தண்ணீர் வெடிக்கும். அந்த நேரத்தில் ராடைத் தூக்கினால் தவளை வாயிலிருந்து வந்துவிடும். ராடு நுனியைத் தண்ணீரைப் பார்த்து வைத்தபடியே லைன் இறுகும் வரை பொறுத்து, இடது கையால் லைனை ஓங்கி இழுங்கள். தண்ணீர்மேல் செந்நிறமாகக் குஞ்சுக்கூட்டம் மேய்வதைப் பார்த்தால் அங்கே வீசாதீர்கள். தாயும் தகப்பனும் அதன் கீழேதான் காவல் இருக்கும், சீண்டினால் உடனே கடிக்கும், பிடித்துவிட்டால் குஞ்சு எல்லாம் மற்ற மீனுக்கு இரையாகும்.

ஜிலேபி வேறு கணக்கு. 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன், இன்று ஊருணி ஊருணியாக இருக்கிறது. ஓரத்து மணலில் வட்ட வட்டமாகக் குழி தெரிந்தால் அதன் வீடு அது. 10, 12 எண் சின்ன முள்ளில் பழுப்பு நூலும் கொஞ்சம் இறகும் சுற்றிய பூச்சியை அடிவரை இறங்கவிட்டு, அங்குலம் அங்குலமாக இழுங்கள். இதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழம்பு வைத்தால் கண்மாய்க்கு நட்டமில்லை. கெண்டைப்பொடி சாயங்காலம் காற்று அடங்கினால் மேலே துள்ளும், 16-ஆம் எண் முள்ளில் மிதக்கிற பூச்சி போதும், குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல மீன் கிடையாது.

தை முதல் பங்குனி வரை தண்ணீர் தெளிந்து நிற்கும், அதுதான் சீசன். சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றிச் சூடாகும்போது பிடித்து விடுகிற கெண்டை பிழைப்பது கஷ்டம், அப்போது தூண்டிலை மூட்டைகட்டுங்கள்.

அனுமதி கேட்காமல் எங்கும் இறங்காதீர்கள். பெரும்பாலான கண்மாய்களில் மீன்பாசி குத்தகை (மீன் பிடிக்கிற உரிமைக்கான குத்தகை) இருக்கும், ரோகுவும் கட்லாவும் குத்தகைக்காரர் காசு போட்டு விட்ட குஞ்சுகள். "அண்ணே, விராலும் ஜிலேபியும்தான் பார்க்கிறேன், ரோகு மாட்டினா விட்டுர்றேன்" என்று நேரில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர் கண்மாய்கள் பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டிலே எடுக்கக் கூடாது. அறுந்த நரம்பையும் கரையில் விட்டுவராதீர்கள், கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் ரீலையும் லைனையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். கண்மாய்த் தண்ணீரில் உப்பில்லாவிட்டாலும் நம் ஊர்க் காற்றில் இருக்கிறது, முள்ளெல்லாம் பெட்டிக்குள்ளேயே துருப்பிடித்துவிடும்.