ஹிமாலயன் ஜர்னல் பழைய தொகுதிகள்: சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

பழைய மலையேற்ற இதழ்களைச் சேர்க்க ஆசைப்படும் பலர் முதல் நாளே முழு வரிசையையும் வாங்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். ஹிமாலயன் கிளப் என்ற மலையேற்றச் சங்கம் 1928-இல் தொடங்கியது, அதன் ஆண்டிதழான ஹிமாலயன் ஜர்னல் 1929 முதல் வருகிறது; கென்னத் மேசன் ஆசிரியராக இருந்து 1940 வரை கொண்டுவந்த முதல் 12 தொகுதிகளை அசல் பதிப்பாகவே வாங்குவேன் என்று கிளம்பினால் பணமும் போகும், ஆசையும் வடிந்துவிடும்.

முதல் வேலை, ஒரு மலையைத் தேர்ந்தெடுப்பது. என் மலை உத்தராகண்டில் உள்ள நந்தா தேவி. 1934-இல் பிரிட்டிஷ் மலையேறிகளான ஷிப்டனும் டில்மனும் மூன்று ஷெர்பாக்களோடு ரிஷி கங்கையின் இடுக்கு வழியாக அந்த மலையைச் சுற்றி நிற்கும் சிகர வளையத்துக்குள் நுழைந்தார்கள். 1936 ஆகஸ்ட் 29 அன்று டில்மனும் இன்னொரு பிரிட்டிஷ் மலையேறியான ஓடெலும் 7,816 மீட்டர் உச்சியில் நின்றார்கள். இந்தப் பயணங்களைப் பற்றிய கட்டுரைகள் அடுத்தடுத்த ஆண்டின் தொகுதிகளில் வந்தன. ஆக, எனக்கு முதலில் வேண்டியது 1935, 1937 தொகுதிகள், அவ்வளவுதான். 1980-களில் மூடப்பட்ட அந்த வளையத்துக்குள் நம்மைப் போன்றவர்கள் இப்போது போக முடியாது என்பதால் இந்தத் தாள்கள் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகின்றன.

அடுத்து, வாங்கும் முன் படித்துவிடுங்கள். பழைய தொகுதிகளின் கட்டுரைகள் கிளப்பின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றுகிறதா, அந்தத் தொகுதியைத் தேடுங்கள். இன்னொன்று, போர்க்காலத்தில் இதழ் நின்றுபோய் 13-வது தொகுதி 1946-இல்தான் வந்தது, அதனால் 1943 ஏன் கிடைக்கவில்லை என்று அலையாதீர்கள்.

எங்கே தேடுவது? கொல்கத்தா கல்லூரித் தெரு, டெல்லியில் தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்து 2019-இல் மகிளா ஹாட்டுக்கு மாறிய ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை, அப்புறம் இணையத்தில் பழைய புத்தகம் விற்பவர்கள்.

இனிமேல்தான் கவனம் தேவை. இந்தத் தொகுதிகளின் உயிரே மடித்து வைத்த வரைபடங்களும் வழவழப்பான தாளில் தனியாக அச்சிட்ட படங்களும்தான், முதலில் காணாமல் போவதும் அவைதான். நான் வாங்கிய முதல் தொகுதி காலிகோ அட்டை கலையாமல் அழகாக வந்தது, பிரித்துப் பார்த்தால் வரைபடத்தை யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள், அடியில் ஒரு விரற்கடை தாள் மட்டும் மிச்சம். கேட்காமல் வாங்கியது என் தவறு. முன்பக்கத்தில் படங்களுக்கும் வரைபடங்களுக்கும் பட்டியல் இருக்கும். அதை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள், விரித்த வரைபடத்தின் புகைப்படத்தையும் கேளுங்கள். படத்தாள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், பிரித்தால் படம் உரிந்து வந்துவிடும். நூலக முத்திரை இருந்தால் பரவாயில்லை, விலைதான் குறையும். படிக்க வாங்குபவருக்கு அது லாபம்.

வீட்டுக்கு வந்ததும் தூசி தட்டி, சுவரை ஒட்டாமல், காற்றோட்டமான அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு நான் வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைக்கிறேன். கிழிந்த மடிப்பில் செல்லோடேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும்.

வாங்கிய தேதி, விலை, என்னென்ன குறை என்பதைத் தனி நோட்டில் எழுதுங்கள். புத்தகத்தில் முந்தைய சொந்தக்காரர் பென்சிலால் எதையாவது குறித்திருந்தால் அழிக்காதீர்கள், அவர் அந்தப் பக்கத்தில் வரும் கணவாய்க்கு நேரில் போய் வந்தவராகக்கூட இருக்கலாம்.