அம்மா வெளிநாடு போகுமுன் அம்மம்மாவோடு பேசி முடிக்க வேண்டியவை

இலங்கையின் கிழக்கில் வாகரையிலோ பட்டிப்பளையிலோ திருக்கோவிலிலோ ஒரு தாய் சவூதிக்குப் போக முடிவெடுத்தால் மெடிக்கல், பயிற்சி, பாஸ்போட் என்று மாதக்கணக்கில் ஆயத்தம் நடக்கும். பிள்ளையின் விடயம் மட்டும் "என்ட அம்மா பாத்துக்கொள்ளுவா" என்ற ஒரு பேச்சோடு முடிந்துவிடும். சிறுவர் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பேச்சைத்தான். அம்மம்மாவுக்குப் பாசம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, அது இருக்கும். வீட்டு ஆண்களிடம் "இது சரிவராது" என்று சொல்ல அவருக்குப் பலம் இருக்கிறதா என்பதே கேள்வி. பிள்ளைக்குப் பாலியல் தீங்கு செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார்: மாமா, சித்தப்பா, பக்கத்து வளவுக்காரர், டியூசன் மாஸ்டர், சில வேளை தகப்பனே.

காசிலிருந்து தொடங்குங்கள். அனுப்பும் பணம் முழுவதும் கணவரின் அல்லது தம்பியின் கணக்குக்குப் போனால், அரிசிக்கும் மருந்துக்கும் அம்மம்மா அவரிடம்தான் கைநீட்ட வேண்டும். அந்த ஆளைப் பற்றியே பேத்தி ஒன்று சொன்னால் அவர் வாயைத் திறக்கமாட்டார். ஆகவே பிள்ளைகளின் செலவுக்கான பங்கை அம்மம்மாவின் பெயரில் தனிக்கணக்குக்கு அனுப்புங்கள். புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் அவர் கையிலேயே இருக்கட்டும். இன்ன பிள்ளைகள், இன்னாரின் பொறுப்பில் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு, பாடசாலைக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். சட்டப்படி பாதுகாவலர் உரிமையை அது மாற்றாது. ஆனால் பிரச்சினை வந்தால் யாரைத் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும். அம்மம்மா வருத்தத்தில் விழுந்தால் அடுத்தது யார் என்ற பெயரும் அதில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பெயரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

அடுத்தது படுக்கை. ஓர் அறையும் விறாந்தையும் உள்ள வீட்டில் எல்லோரும் ஒன்றாகப் பாய் விரிப்பது வழக்கம். ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ அம்மம்மாவின் பக்கத்தில், சுவர்ப் பக்கமாகப் படுக்கட்டும். விருந்தாளியாக வரும் ஆண் விறாந்தையில். குடித்துவிட்டு வருபவர் யாராக இருந்தாலும் அந்த இரவு பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் இல்லை. உள்ளிருந்து போடும் கொழுக்கி ஒன்றை அறைக் கதவுக்கும் கிணற்றடித் தட்டிக்கும் பூட்டுங்கள். சில நூறு ரூபாயில் முடியும் வேலை. ஆண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவையில்லை என்பது பெரிய பிழை. அவர்களைப் பற்றி யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதாலேயே அவர்களுக்கு நடப்பது வெளியே வருவதில்லை.

பிறகு ஒரு கொப்பித் தாளில் ஏழு நாளையும் மணித்தியாலமாகப் பிரித்து, பிள்ளை எங்கே, யாரோடு என்று எழுதுங்கள். எழுதினால்தான் ஓட்டை தெரியும். பாடசாலை விட்டு அம்மம்மா கூலிவேலையால் வரும்வரை இரண்டரை மணித்தியாலம், சனிக்கிழமை டியூசனுக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையில் ஒரு மணித்தியாலம், ஆட்டோவில் கடைசியாக இறங்கும் பிள்ளை தனியே போகும் தூரம். ஓட்டைகளை அடைக்க முடியாவிட்டால் இரண்டு பிள்ளைகளாகச் சேர்த்துவிடுங்கள், அல்லது கதவு திறந்திருக்கும், ஆட்கள் வந்துபோகும் வீடொன்றில் விடுங்கள். பெரும்போக அறுவடையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் அம்மம்மாவும் வயலுக்குப் போவார். மார்கழி வெள்ளத்தில் குடும்பமே பாடசாலை மண்டபத்தில் படுக்கும், இரவில் மலசலகூடம் இருட்டில் இருக்கும். அந்தக் காலங்களுக்கு வேறு தாள் எழுத வேண்டும்.

தொலைபேசி விடயத்தில் நேர வித்தியாசம் பெரிய இடைஞ்சல். வேலை முடிந்து தாய் சவூதியில் இரவு ஒன்பதரைக்கு இமோ அழைப்புச் செயலியைத் திறக்கும்போது இங்கே நள்ளிரவு பன்னிரண்டு. பிள்ளை தூங்கிவிடும், அல்லது கணவர் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். கிழமைக்கு ஒரு தடவையாவது பிள்ளை போனோடு முற்றத்துக்குப் போய்த் தனியே பேச வேண்டும் என்பதைப் போகுமுன்பே வீட்டு விதியாக்குங்கள். "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்டால் "ஓம்" என்பதோடு சரி. "இண்டைக்கு டியூசனால ஆரோட வந்த மகள்?", "நேத்து வீட்டுக்கு ஆரு வந்தது?" என்று கேட்டால் கதை வரும்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது சுருக்கமாக இருக்கட்டும். உடம்பின் மறைவிடங்களுக்கு வைத்தியரிடமும் சொல்லக்கூடிய ஒரு சொல்லைப் பழக்குங்கள். கெட்ட வார்த்தை மட்டுமே தெரிந்த பிள்ளை அடி விழும் என்று பயந்து பேசாது. நல்ல தொடுகை, கெட்ட தொடுகை என்று மட்டும் படிப்பிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நோகாமல், விளையாட்டாக, டொபி கொடுத்துத் தொடுபவரைப் பிள்ளை கெட்டவர் என்று நினைக்காது. "மறைவிடத்தைத் தொட்டாலும், தொடச் சொன்னாலும், 'அம்மம்மாவுக்குச் சொல்லாத' எண்டு சொன்னாலும், அதை அம்மம்மாவுக்குச் சொல்லோணும்" என்பது ஐந்து வயதுக்கும் விளங்கும். பிள்ளை பின்வாங்கும்போது "மாமாவைக் கொஞ்சு" என்று தள்ளிவிடும் பழக்கத்தையும் விடுங்கள்.

பிள்ளை சொல்லாவிட்டாலும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு: படுக்கையில் சலம் போவது நின்ற பிறகு திரும்பத் தொடங்குவது, ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு மட்டும் போக மறுப்பது, காரணமில்லாமல் கையில் புதுப் போன், சலம் போகும்போது எரிவு. இவற்றில் ஒன்றை வைத்து முடிவெடுக்க முடியாது. ஆனால் விசாரிக்க அது போதும்.

பிள்ளை சொல்லிவிட்டால் "நீ சொன்னது நல்லது, இது உன்ட பிழை இல்ல" என்று சொல்லுங்கள். என்ன நடந்தது, யார், எப்போது என்பதோடு நிறுத்துங்கள். பிள்ளையின் சொல்லை அப்படியே, திகதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். மாமி, பெரியம்மா, அதிபர் என்று ஐந்து பேர் திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளையின் வாக்குமூலம் மாறும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு பிடிப்பது அந்த மாற்றத்தைத்தான். சந்தேகப்படுபவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். அவர் பிள்ளையை மிரட்டவும் தடயத்தை அழிக்கவும் அது நேரம் கொடுக்கும்.

பாலியல் துன்புறுத்தல் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் என்றால் குளிக்கவார்க்காமல், உடுப்பைத் துவைக்காமல் கொண்டுபோங்கள். உடுப்புகளைத் தனித்தனியாகக் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீனில் ஈரம் தங்கித் தடயம் கெடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் அந்த 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். பொலிசுக்குப் போக முதல் நேரே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ போகலாம். அங்குள்ள பொலிஸ் காவலரண் ஊடாகச் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு ஏற்பாடு நடக்கும். நாட்கள் கடந்திருந்தாலும் போங்கள், பரிசோதனைக்கு அப்போதும் பயன் உண்டு.

முறைப்பாட்டுக்கு 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், 24 மணித்தியாலமும் இலவசம், தமிழில் பேசலாம், பெயர் சொல்லாமலும் அறிவிக்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆபத்து அந்த நிமிடமே என்றால் 119.

இந்த இடத்தில்தான் ஊர்ப் பெரியவர்கள் "கோயிலில வச்சுப் பேசித் தீர்ப்பம்" என்று வருவார்கள், அல்லது குற்றம் செய்தவனுக்கே பிள்ளையைக் கட்டிவைக்கப் பார்ப்பார்கள். அந்தச் சமாதானம் குற்றத்தை இல்லாமலாக்காது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சம்மதம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. முகநூலில் பிள்ளையின் பெயரையோ படத்தையோ போடுவதும் 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தப்படி குற்றம்; ஆத்திரத்தில் போடும் உறவினருக்கும் அது பொருந்தும்.

"சொன்னால் பிள்ளையை இல்லத்தில போட்டுடுவாங்க" என்ற பயம்தான் அம்மம்மாக்களைக் கடைசிவரை தடுக்கிறது. சிறுவர் இல்லம் கடைசித் தெரிவாகவே இருக்க வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தர் முதலில் உறவினர் வீடுகளைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பார். அவர் வரும் நாளில், பிள்ளைகள் யாரின் பொறுப்பில் என்று எழுதிய கடிதமும், அதில் இரண்டாவது பெயருக்குரியவரும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் வீட்டில் தயாராக இருந்தால் அறிக்கை எழுதுவது அவருக்கு இலகு.